தீர்ப்பின் மேல் தீர்ப்பு

மனிதன் மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்வது எண்ணிப் பார்க்குந்தோறும் அச்சம் தருகின்ற செயலாகும். வழக்கு நிகழ்ந்த இடத்தில் நீதிபதி இருந்தாரில்லை. வாதியின் உள்ளத்தையும் பிரதிவாதியின் உள்ளத்தையும் அவர் திறந்து பார்த்தாரில்லை. காதால் கேட்டதையும் காகிதத்தில் கண்டதையும் கொண்டு அவர் ஒரு சொல் சொல்கிறார். அச்சொல்லால் நிலம் கைமாறுகிறது. ஒருவன் சிறை புகுகிறான். சில வேளைகளில் ஓர் உயிரே போகிறது.

அத்துடனும் முடிவதில்லை. அவரைப் போன்ற மற்றொரு மனிதர் அவருக்கு மேலே அமர்ந்து, அவர் சொன்னது தவறு என்கிறார். மூன்றாமவர் அதற்கும் மேலே அமர்ந்து, முதலாமவர் சொன்னதே சரி என்கிறார். மூவரும் ஒரே மண்ணால் ஆன மக்கள். மேலே இருப்பதனால் மட்டும் ஒருவரின் அறிவு மெய்யாகிவிடுமா? உண்மை என்பது படிக்கட்டில் ஏறஏறக் கூடிக்கொண்டு வரும் பொருளா? கடைசிப் படியில் நிற்பவர் சொல்லிவிட்டால் வழக்கு உண்மையிலேயே முடிந்துவிடுகிறதா?

இவ்வினா சட்டக் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. நீதிமன்ற வாசலை மிதிக்காத குடும்பத்துக்கும் இது உரியது. புதுவை மக்களாகிய நமக்கு இது சற்று கூடுதலாகவே உரியது. ஏனெனில், ஒரு தலைமுறையின் வாழ்நாளுக்குள்ளேயே நம் நீதிப் படிக்கட்டின் உச்சி பாரிஸ் மாநகரிலிருந்து தில்லி மாநகருக்கு மாறியதை இவ்வூர் கண்டிருக்கிறது.

சாவடி முதல் பாரிஸ் வரை

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் உள்ளூர் மக்களின் வழக்குகளைக் கேட்டது சாவடி நீதிமன்றம். தமிழில் ‘சாவடி’ என்று நாம் சொன்னதையே பிரெஞ்சுக்காரர் தம் நாவுக்கேற்ப ‘ஷோத்ரி’ என்று திரித்து அம்மன்றத்துக்குப் பெயராக்கினர். கடன், கொடுக்கல் வாங்கல், வாரிசுரிமை, மனைச் சண்டை ஆகியவை அங்கே வந்தன. மாமூல் என்னும் வழக்காறே அங்குச் சட்டம். ஐரோப்பியர் வழக்குகளுக்கும் பெரிய வழக்குகளுக்கும் 1701ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னரின் ஆணையால் நிறுவப்பெற்ற உயர் மன்றம் இருந்தது.

ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த ஊர் 1816இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. 1819ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. ஆயினும் அவ்வாணையிலேயே ஒரு வரம்பு வைக்கப்பட்டது. இந்தியர் கிறித்தவராயினும், முஸ்லிம்களாயினும், இந்துக்களாயினும், முன்போலவே தத்தம் சட்டத்தாலும் வழக்கத்தாலுமே தீர்ப்பளிக்கப்படுவர் என்பதே அது. முஸ்லிம்களை அவ்வாணை ‘மூர்கள்’ என்று குறித்தது. நிக்காஹ், தலாக், மீராஸ் முதலியவற்றில் ஷரீஅத்தின்படியே இங்குள்ள பிரெஞ்சு நீதிபதி தீர்ப்புச் சொல்ல வேண்டியவரானார். ஷரீஅத்தையும் தர்மசாத்திரத்தையும் அவர் எங்கே கற்றார்? அக்குறையை நீக்கவே 1827இல் இந்திய நீதிமுறை ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. உள்ளூர்ப் பெரியோர்களிடம் கேட்டு, வழக்காறு இன்னதென்று நீதிபதிக்கு எடுத்துரைப்பது அக்குழுவின் பணி. தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்டுத் தீர்ப்பளிப்பது இழுக்கன்று. கேளாமல் தீர்ப்பளிப்பதே இழுக்கு என்ற எண்ணம் அவ்வமைப்பின் அடியில் இருந்தது.

இக்கட்டமைப்பின் அடியில் சமாதான நீதிபதி. அதன்மேல் முதல்நிலை மன்றம். அதன்மேல் மேல்முறையீட்டு மன்றம். எல்லாவற்றுக்கும் உச்சியில், கடல்களுக்கு அப்பால், பாரிஸ் நகரத்துக் ‘கூர் த கசாசியோன்’. ‘கசே’ என்றால் பிரெஞ்சு மொழியில் உடைத்தல். அம்மன்றம் சாட்சிகளை மீண்டும் விசாரிப்பதில்லை. கீழ்மன்றம் சட்டத்தைச் சரியாகக் கையாண்டதா என்று மட்டுமே நோக்கும். தவறிருந்தால் அத்தீர்ப்பை உடைத்து, வேறொரு மன்றம் மறுபடி விசாரிக்கட்டும் என்று அனுப்பும்.

அத்தொலைவுப் படியின் பயனை இவ்வூர் 1873இல் கண்டது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர், ஐரோப்பியரைப் போல் காலில் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். இந்தியன் சப்பாத்துடன் மன்றத்தில் நிற்கலாகாது என்று நீதிபதி தடுத்தார். மன்றத்தின் மாண்பு தம் காலணியால் கெடுவதாயின் பிரெஞ்சு வழக்கறிஞர் காலணியால் ஏன் கெடவில்லை என்பது அவர் வினா. உள்ளூரில் நியாயம் கிடைக்கவில்லை. வழக்கு பாரிஸ் சென்றது. பின்னாளில் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பாரிஸ் மன்றத்தில் அமர்ந்த ஜூல் கொதேன் அவருக்காக முயன்றார். உச்ச மன்றம் பொன்னுத்தம்பியின் பக்கம் தீர்ப்பளித்தது.

இச்செய்தியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இங்கிருந்த நீதிபதிக்குச் சட்டம் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் இவ்வூரின் வெள்ளையர் சமுதாயத்துக்குள்ளே வாழ்ந்தவர். அச்சமுதாயத்தின் காற்றே அவர் மூச்சு. பாரிஸில் இருந்தவர்கள் இவரைவிட அறிஞர்கள் என்பதனால் அன்று. இவ்வூரின் பகையும் பாசமும் எட்டாத தொலைவில் இருந்தார்கள் என்பதனால் அவர்கள் கண்ணுக்கு உண்மை தெரிந்தது. மேல்நீதிமன்றத்தின் சிறப்பு பல வேளைகளில் உயரத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. வென்ற பொன்னுத்தம்பி பின்னர், 1881ஆம் ஆண்டு ஆணை வழங்கிய வாய்ப்பைக் கொண்டு, தம் பிறவிச் சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வந்தார். ‘லாப்போர்த்’ என்று பெயரும் பூண்டார். ‘வாசல்’ என்பது அதன் பொருள். அவ்வழி சென்றவர்களை ரெனோன்சான்கள் என்றனர். நீதியின் வாசல் திறக்க வேண்டுமானால் தன் அடையாளத்தை வாசலில் கழற்றி வைக்க வேண்டுமா என்பது அக்காலத்து மக்களைப் பிரித்த வினா. சப்பாத்தைக் கழற்றச் சொன்ன மன்றத்துக்கும் வழக்காற்றைக் கழற்றச் சொன்ன சட்டத்துக்கும் இடையே எத்துணை வேறுபாடு என்று இன்றும் ஒருவர் கேட்கலாம்.

வாசல் இல்லாத ஆண்டுகள்

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு நிர்வாகம் அகன்று இந்திய நிர்வாகம் வந்தது. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாயிற்று. ஆனால் அது முறைப்படி நிறைவுற்றது 1962 ஆகஸ்ட் 16ஆம் நாளில்தான். நடைமுறையில் இந்தியா, சட்டப்படி இன்னும் இந்தியா அன்று. இவ்வாறு ஏறத்தாழ எட்டாண்டுகள் கழிந்தன.

அவ்விடைக்காலத்தில் ஒரு பேருந்து உரிமம் பற்றிய வழக்கு தில்லி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இங்கிருந்த தலைமை ஆணையரின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் முறையிட்டார். உச்ச நீதிமன்றம் முதலில் மத்திய அரசிடமே வினவியது: புதுச்சேரி இந்தியாவின் ஆட்சிப்பரப்பில் அடங்கியதா? இல்லை என்று அரசு விடையளித்தது. 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரி இந்திய ஆட்சிப்பரப்பில் அடங்காமையால் தான் தலையிட வழியில்லை என்று கூறிவிட்டது.

நேயர்களே, அம்மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஆணையிட்ட அதிகாரி தில்லியின் அதிகாரி. ஆனால் அந்த ஆணையைக் கேட்க தில்லியின் மன்றத்துக்கு அதிகாரமில்லை. ஆளும் கை நீண்டிருந்தது. கேட்கும் காது எட்டவில்லை. அநீதி நடந்ததா இல்லையா என்பது வேறு. நடந்திருந்தாலும் சொல்லிக்கொள்ள மேலே ஒருவர் இல்லை என்பதே பெருந்துயரம். முறையிடுவதற்கு இடமில்லாத அதிகாரம், நல்லவர் கையில் இருந்தாலும், அஞ்சத் தக்கதே.

1962இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால், அவ்வாண்டு நவம்பர் 6 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கும் விரிந்தது. அதன் வழியே உச்ச நீதிமன்றத்தின் கதவும் திறந்தது. 1968இல் வேறு பல மத்தியச் சட்டங்களுடன் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டமும் இங்கே விரிவுபடுத்தப்பட்டது. ரெனோன்சான்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆக, 1819இல் ஆணையால் காக்கப்பட்டது 1968இல் சட்டத்தால் காக்கப்பட்டது. காஜியார் வீதியும் முல்லா வீதியும் உள்ள இவ்வூரில், காஜியின் பெயர் தெருவில் மட்டும் எஞ்ச, அவர் ஓதிய சட்டத்தின் ஒரு பகுதி அரசு நீதிபதியின் மேசைக்குச் சென்றது.

இன்றைய படிகள்

இன்றைய அமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். உரிமையியல் வழக்குகள் அவற்றின் மதிப்புக்கேற்ப முன்சீப் மன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ தொடங்குகின்றன. குற்ற வழக்குகள் நீதித்துறை நடுவரிடமும், கொடுங்குற்றங்கள் அமர்வு நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படுகின்றன. மணமுறிவு, சீவனாம்சம் போன்றவற்றுக்குக் குடும்பநல நீதிமன்றம் உண்டு. இவற்றுக்குமேல் முதன்மை மாவட்ட, அமர்வு நீதிமன்றம். அதற்குமேல் 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றம். அதற்குமேல் உச்ச நீதிமன்றம். காரைக்கால் மட்டுமன்று, கேரளத்தின் நடுவே உள்ள மாஹேயும், ஆந்திரத்தின் நடுவே உள்ள ஏனாமும் சென்னைக்கே மேல்முறையீடு செய்கின்றன. மலையாளம் பேசுபவரும் தெலுங்கு பேசுபவரும் தம் அருகிலுள்ள உயர் நீதிமன்றங்களைக் கடந்து சென்னை வருவதற்குக் காரணம், என்றோ ஒரு பிரெஞ்சுக் கொடி நான்கு கரைகளில் பறந்ததே.

இப்படிகளில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பணி உண்டு. முதல் மன்றம் சாட்சியின் முகத்தைப் பார்க்கிறது. முதல் மேல்முறையீட்டில் நிகழ்ச்சியும் சட்டமும் இரண்டும் மீண்டும் ஆராயப்படலாம். இரண்டாம் மேல்முறையீட்டில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, முக்கியமான சட்ட வினா இருந்தாலன்றி உயர் நீதிமன்றம் தலையிடாது. ஏறஏற வினா குறுகுகிறது. காலமும் குறித்திருக்கிறது: மாவட்ட மன்றத்துக்கு முறையிட 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள்.

மொழியோ ஏறஏற அந்நியமாகிறது. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆங்கிலமே வழக்காடு மொழி. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது ஏற்கப்படவில்லை. அண்மை ஆண்டுகளில் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுகின்றனர் என்பது ஆறுதல். அன்று பிரெஞ்சு, இன்று ஆங்கிலம். தன் வீடு போனதா நின்றதா என்பதை வேறொருவர் வாயிலாகக் கேட்டறியும் நிலை நம் கிழவிக்கு இன்னும் மாறவில்லை. தூரம் நடுநிலையைத் தருகிறது என்று மேலே கூறினோம். தூரத்துக்கு இப்படி ஒரு விலையும் உண்டு.

மேலிருப்பவர் ஏன் மேலானவர்?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அரபு மொழியில் மேல்முறையீட்டுக்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ‘இஸ்திஃனாஃப்’, புதிதாகத் தொடங்குதல் என்பது பொருள். மற்றொன்று ‘நக்ழ்’, முடிந்ததை அவிழ்த்தல், உடைத்தல் என்பது பொருள். எகிப்தின் உச்ச மன்றம் ‘மஹ்கமத்துந் நக்ழ்’ என்றே பெயர் பெற்றது. தமிழில் நாம் ‘மேல்முறையீடு’ என்கிறோம். முன்னைய சொற்கள் நீதிபதி செய்வதைக் குறிக்கின்றன. தமிழ்ச் சொல்லோ துன்புற்றவன் செய்வதைக் குறிக்கிறது. முறையிடுபவன் இருக்கிறான் என்பதை மறவாத சொல் இது.

தீர்ப்பின் மேல் தீர்ப்பு என்பதற்குத் திருமறையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சூரத்துல் அன்பியாவில் தாவூது (அலை), சுலைமான் (அலை) ஆகியோர் ஒரு விளைநிலம் பற்றித் தீர்ப்பளித்த செய்தி வருகிறது. ஒருவரின் ஆடுகள் இரவில் மற்றவரின் பயிரை மேய்ந்து அழித்துவிட்டன. ஆடுகளையே நிலத்தவருக்குக் கொடுத்துவிடுமாறு தந்தை தீர்ப்பளித்தார் என்று விரிவுரையாளர்கள் கூறுவர். மகனோ, நிலம் முன்போல் விளையும் வரை ஆட்டுக்காரர் அதைத் திருத்தட்டும். அதுவரை ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் நிலத்தவர் பயன்படுத்தட்டும். பின்னர் அவரவர் பொருள் அவரவருக்கு என்றார். இறைவன் அவ்வழக்கின் விளக்கத்தைச் சுலைமானுக்கு அருளினான். ஆயினும் இருவருக்குமே ஞானத்தையும் கல்வியையும் வழங்கியதாக அவ்விடத்திலேயே சொல்கிறான்.

இங்கே மேலிருந்தவர் தந்தை; அரசர்; நபி. சரியான தீர்ப்போ கீழிருந்த மகனிடமிருந்து வந்தது. தந்தை அதை ஏற்றார். திருத்தப்பட்டமையால் அவர் அறிவு குறைந்ததாக இறைவன் கூறவில்லை. ஆகவே மறுதீர்ப்பின் உயிர் பதவியின் உயரத்தில் இல்லை. ஒரு பொருளை இரண்டாம் முறை, வேறொரு கண்ணால் காண்பதில் இருக்கிறது. முதல் தீர்ப்பு, தந்தையின் தீர்ப்பாகவே இருந்தாலும், ஒரு நட்டத்தை மற்றொரு நட்டத்தால் ஈடுசெய்தது. இரண்டாம் தீர்ப்பு இருவரையும் வாழ வைத்தது.

நம் தமிழ் மரபு இதற்கு மறுதலையான ஒரு காட்சியை வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஒரு பொற்கொல்லனின் சொல் கேட்டுக் கோவலனைக் கொல்வித்தான். விசாரணை இல்லை, மறுவிசாரணைக்கு நேரமும் இல்லை. கண்ணகி சிலம்புடன் வந்து வழக்குரைத்தபோது தீர்ப்பு உடைந்தது. ஆனால் கோவலன் எழவில்லை. தவற்றை உணர்ந்த மன்னனும் மாண்டான். முறையீடு உயிருக்குப் பின்னால் வந்தால் அது நீதியன்று, ஒப்பாரியே. இன்றைய சட்டத்தில் அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாதவரை அதை நிறைவேற்றலாகாது என்ற விதி உள்ளது. குற்றவாளி கேட்டாலும் கேளாவிட்டாலும் அது உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். கோவலனுக்குக் கிடைக்காத படி அதுவே.

ஆனால் படிகள் முடிவற்று நீண்டாலும் நீதி இல்லை. நம் இமாம்கள் இதைக் கூர்ந்து உணர்ந்தனர். ஓர் இஜ்திஹாதை மற்றோர் இஜ்திஹாத் முறிக்காது என்பது ஃபிக்ஹின் புகழ்பெற்ற விதி. உமர் (ரலி) அவர்கள் ஒரு வாரிசுரிமை வழக்கில் உடன்பிறந்தாருக்குப் பங்கில்லை என்று ஓராண்டு தீர்ப்பளித்தார்கள். அதே போன்ற வழக்கு மறுமுறை வந்தபோது பங்கு அளித்தார்கள். முந்தைய தீர்ப்பு என்னாவது என்று கேட்டோருக்கு, அது அன்று தீர்த்தபடி, இது இன்று தீர்த்தபடி என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். பழையது கலைக்கப்படவில்லை, புதியது பழையதற்கு அடிமையாகவும் இல்லை. ஆனால் ஒரு தீர்ப்பு திருமறைக்கோ, நபிவழிக்கோ, இஜ்மாவுக்கோ, தெளிவான கியாஸுக்கோ முரணாயின் அது உடைக்கப்படும் என்றும் அறிஞர் வகுத்தனர். கருத்து வேறுபாட்டுக்காக உடைக்காதே. அடிப்படைச் சட்டம் மீறப்பட்டால் உடைக்கத் தயங்காதே என்பதே இதன் சாரம். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு முக்கியமான சட்ட வினா வேண்டும் என்னும் இன்றைய விதியும் இவ்வெண்ணத்துக்கு வெகுதொலைவில் இல்லை.

அதிகாரிகளும் நீதிபதிகளும் இழைக்கும் கொடுமைகளைக் கேட்க ‘மழாலிம்’ மன்றம் என்றொன்று இஸ்லாமிய அரசுகளில் இருந்தது. ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தி தம் அரசியல் நூலில் அதற்கெனவே ஓர் இயல் வகுத்தார். ஹாரூன் ரஷீதின் காலத்தில் இமாம் அபூயூசுஃப் காழில் குழாத் என்னும் தலைமை நீதிபதிப் பதவியை ஏற்றார். நீதிபதியைக் கேள்வி கேட்கவும் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று.

உச்சியும் சறுக்கும்

அப்படியாயின் உச்சியில் இருப்பவர்? அவருக்கு மேலே யார்? அவர் பிழையற்றவர் என்பதனால் அவர் சொல் இறுதியாகவில்லை. எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும் என்பதனால் இறுதியாக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை மறந்தால் மனிதரைத் தெய்வமாக்கிய பாவம் வந்து சேரும்.

1976ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். நெருக்கடி நிலைக் காலத்தில் விசாரணையின்றிச் சிறையிடப்பட்டோர் ஆட்கொணர்வு மனுச் செய்தனர். பல உயர் நீதிமன்றங்கள் அம்மனுக்களைக் கேட்கலாம் என்றன. உச்ச நீதிமன்றமோ நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில், நெருக்கடி நிலையில் அவ்வுரிமையைக் கோர முடியாது என்று தீர்த்தது. மாறுபட்டு எழுதிய ஒருவர் நீதியரசர் எச்.ஆர். கன்னா. மூப்பின்படி தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு வரவேண்டியிருந்தது. 1977இல் அவரைக் கடந்து இளையவர் ஒருவருக்கு அது கொடுக்கப்பட்டது. கன்னா பதவி விலகினார். நாற்பத்தோர் ஆண்டுகள் சென்றன. 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனிமனித அந்தரங்க உரிமை பற்றிய தீர்ப்பில், 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறென்று கூறி அதை நீக்கியது.

கீழ்மன்றங்கள் சரியாகச் சொன்னதை மேல்மன்றம் தவறாக்கிய வரலாறு இது. படியின் உயரம் மெய்யின் அளவு அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் அதே மன்றம் தன் தவற்றைத் தானே எழுதி வைத்தது என்பதும் மெய். உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வழங்கும் புகழ்பெற்ற கடிதத்தில், நேற்றைய தீர்ப்பு இன்று உண்மைக்குத் திரும்புவதைத் தடுக்க வேண்டாம். பொய்யில் நீடிப்பதைவிட மெய்க்கு மீள்வதே மேல் என்னும் கருத்து அமைந்திருக்கிறது. தனிமனிதனுக்கு அது ஒரு நாளில் கூடலாம். ஒரு நாட்டின் மன்றத்துக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் சிறையில் கழிந்த நாள்களை எந்த அமர்வு திருப்பித் தரும்?

மன்றம் கொடுத்தால் ஹலாலா?

இதுவரை நீதிபதியின் பொறுப்பைப் பேசினோம். இனி நம் பொறுப்பைப் பேச வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மிடம் வழக்குடன் வந்தோரை நோக்கிக் கூறிய எச்சரிக்கை ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நானும் மனிதனே, உங்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறம் மிக்கவராக இருக்கலாம், கேட்டதைக் கொண்டே நான் தீர்ப்பளிக்கிறேன், அவ்வாறு ஒருவருக்கு அவர் சகோதரரின் உரிமையை நான் அளித்துவிட்டால், அவருக்கு நெருப்பின் ஒரு துண்டையே அளித்தவன் ஆவேன் என்னும் கருத்தில் அமைந்தது அது. வஹீ இறங்கிய பெருமானாரின் தீர்ப்பே ஒருவரின் களவை ஹலாலாக்காது என்றால், எந்த மன்றத்தின் தீர்ப்பு ஆக்கும்?

இமாம்களிடையே இங்கு ஒரு நுண்ணிய கருத்து வேறுபாடு உண்டு. நீதிபதியின் தீர்ப்பு வெளிப்படையில் மட்டும் செல்லுமா, இறைவனிடத்தும் செல்லுமா என்று அவர்கள் ஆராய்ந்தனர். ஒப்பந்தம், அதன் முறிவு ஆகிய சிலவற்றில் அது இரண்டிலும் செல்லும் என்று இமாம் அபூஹனீஃபா கருதினார். அவரின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும், இமாம் ஷாஃபிஈயும் வெளிப்படையில் மட்டுமே செல்லும் என்றனர். ஆனால் பிறர் பொருளைப் பொய்ச் சாட்சியால் பெற்றால் அது ஹராமே என்பதில் அனைவரும் ஒருமித்தனர்.

இது நம் வீடுகளைத் தொடும் இடம். ஒரு தந்தை மறைகிறார். மகனும் மகளும் இருக்கின்றனர். மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் என்பது குழந்தையும் அறிந்த விதி. வீடு மகன் கையில் இருக்கிறது. கேட்டால் உறவு முறியும் என்று மகள் வாய் திறப்பதில்லை. ஆண்டுகள் செல்கின்றன. கணவனை இழந்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அவள் கேட்கிறாள். அண்ணன் மறுக்கிறான். வழக்கு சார்பு நீதிமன்றம் செல்கிறது. அவள் வென்றால் அவன் மாவட்ட மன்றத்துக்குச் செல்கிறான். அங்கும் தோற்றால் சென்னைக்கு. புதுவையிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் கைம்பெண்ணின் கைப்பைக்கு அது நெடுந்தொலைவு. அவனுக்கு வெற்றி வேண்டியதில்லை, காலம் போதும். அநீதியைத் திருத்தக் கட்டிய படிகளை அநீதியை நீட்டிக்கும் படிகளாக அவன் ஏறுகிறான்.

சில வேளைகளில் அவன் வென்றும் விடலாம். கூட்டு வாரிசுகளில் ஒருவர் கைவசம் இருப்பது எல்லாருக்காகவும் என்றே சட்டம் பொதுவாகக் கொள்ளும். ஆயினும் மற்றவரை வெளிப்படையாக விலக்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்ததாக மெய்ப்பிக்கப்பட்டால் உரிமை அழிய இடமுண்டு. காலவரையறைச் சட்டத்துக்கும் நியாயம் உண்டு. பழைய வழக்குகள் என்றென்றும் உயிரோடிருந்தால் எவரும் நிம்மதியாக உறங்க முடியாது. அதனால் மன்றம் சட்டப்படி சரியாகவே தீர்ப்பளித்திருக்கலாம். நீதிபதி குற்றமற்றவர். மேல்மன்றமும் குற்றமற்றது. ஆனால் தங்கையின் பங்கு அண்ணனுக்கு ஹலாலாயிற்றா? ஆகவில்லை. மன்றம் அவனிடம், உன்னை நாங்கள் வெளியேற்ற மாட்டோம் என்று மட்டுமே சொன்னது. இது உன்னுடையது என்று இறைவன் சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டால் அது அவன் செய்த பொய்.

இதற்கு மாற்று உண்டு. அதுவும் சட்டத்திலேயே உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் நடைபெறும் மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் உடன்பட்டு முடித்துக்கொண்டால், அம்முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஏன் கிடையாது? தோற்றவர் ஒருவர் இருந்தால்தானே முறையிடுவார்! திருமறை ‘ஸுல்ஹ்’ என்னும் சமாதானத்தை நலமென்று போற்றுவதன் பொருளும் இதுவே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அஞ்சி நடுங்கும் பெண்ணைச் சுற்றி அமர்ந்துகொண்டு, குடும்ப மானம் என்ற பெயரால் பாதிப் பங்கை விட்டுக்கொடுக்கச் செய்வது ஸுல்ஹ் ஆகாது. ஜமாஅத்துப் பெரியவர்கள் இதில் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஃபத்வாவும் தாருல் கழாவின் முடிவும் சட்டத்தால் கட்டாயப்படுத்தத் தக்கவை அல்ல என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. சிலர் அதனால் மனம் வருந்தினர். வருந்த வேண்டியதில்லை. நம் பெரியோரின் சொல்லுக்கு வலு போலீஸால் வரவேண்டியதன்று. அச்சொல்லின் நேர்மையால் வரவேண்டியது. ஊர்ப் பெண்கள் நம்பி வந்து முறையிடும் ஜமாஅத்துக்குச் சட்டம் வலுத் தரவேண்டியதில்லை. அவர்கள் நம்பாத ஜமாஅத்துக்குச் சட்டம் தந்தாலும் பயனில்லை.

ஆகவே முடிவாகக் கூறுவது இது. மேல்முறையீடு என்பது மனிதன் தன் அறியாமையை ஒப்புக்கொண்டு கட்டிய அமைப்பு. நான் தவறியிருக்கலாம், வேறொருவர் பார்க்கட்டும் என்ற பணிவே அதன் அடிக்கல். அப்பணிவு நீதிபதியிடம் இருந்தால் முன்சீப் மன்றமும் உயர்ந்ததே. அது இல்லையேல் உச்ச மன்றமும் வெறும் உயரமே. அத்தகைய பணிவு வழக்காடுவோரிடமும் வேண்டும். வெல்ல முடியுமா என்று கேட்பதற்கு முன், இது என்னுடையதா என்று தன்னையே கேட்பவனுக்கு முதல் மன்றம் அவன் உள்ளத்திலேயே கூடிவிடுகிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. 90 நாள் கெடுவும் இல்லை.

நீதிபதிகள் மூவகையினர், இருவகையினர் நரகத்துக்கு, ஒருவகையினர் சுவனத்துக்கு என்று நபிமொழி எச்சரிக்கிறது. அது அரியணையில் இருப்போருக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் இடையே, அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே தீர்ப்பளிக்கும் ஒவ்வொருவரும் நீதிபதியே. பாகப்பிரிவினைக்காக இந்நாளில் எந்த வீட்டிலேனும் ஒரு பெண் வாய் திறவாமல் காத்திருப்பாளாயின், அவள் மன்றத்தின் படியேறு முன்னரே அவ்வீட்டார் அவளுக்குரியதை எழுதிக் கொடுத்துவிடட்டும். மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு ஒன்று அனைவருக்கும் வரவிருக்கிறது. அந்நாளில் நம் கையில் பிறர் பங்கு இல்லாதிருக்க அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.